மலரக்கா சொன்ன ஆள்

ரத்தினக்கா திரும்பிப் பாக்கேல்லை. மலரக்கா வரிசையில வந்து நிண்டு பத்து நிமிசத்துக்கு மேல ஆச்சு. இடையில நிக்கிறது ஒரேயொரு ஆள், அதுவும் தோளில பிள்ளையைப் போட்டுக்கொண்டு நிக்கிற ஒரு மெல்லிசுப் பெட்டை. அவளைத் தாண்டிக் கையை நீட்டினால் ரத்தினக்காவின்ர முதுகைத் தொடலாம், ஆனா அந்த மனுசி திரும்பேல்லை. இருபத்தேழு வருசமா வேலிக்கு அங்கால இருந்துகொண்டு, இஞ்சால தும்மல் சத்தம் கேட்டாலே ‘என்ன மலர், தடிமனோ’ எண்டு கேக்கிற மனுசி. இண்டைக்கு, வோட்டுப் போடுற நாளில, பள்ளிக்கூட முத்தத்தில, வெயிலுக்குள்ள வந்து நிண்டுகொண்டு பின்னால ஆர் நிக்கினம் எண்டு ஒருக்காக்கூடப் பாக்காமல் நிக்கிறா எண்டால் அதுக்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேணும். தெரிஞ்சிட்டுதோ? தெரிஞ்சிருக்கும். எப்பிடித் தெரியும்? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. மலரக்கா செருமிப் பாத்தா. தோளில கிடந்த பிள்ளைதான் கண்ணைத் திறந்து பாத்திட்டுத் திரும்பப் படுத்துது. சரி, உனக்காவது என்னைப் பாக்க மனமிருக்கே எண்டு உள்ளுக்குள்ள சொல்லிக்கொண்டு, வாக்காளர் அட்டையால முகத்துக்கு விசிறினா. அந்தரமா இருந்தது. நான் ஏன் அந்தரப்படவேணும்? நான் ஆர்? இந்த ஐயனார் ஒழுங்கையில, ஒழுங்கை என்ன ஒழுங்கை, இந்த வட்டாரத்திலயே, ஜனாதிபதி எலெக்சனில ஆர் வெல்லுவினம் எண்டு வாயால சொல்லி ஒருக்காவும் பிழைக்காத ஒரேயொரு மனுசி நான்தானே. நாலு எலெக்சன். நாலும் சரி. ஆரேன் இல்லையெண்டு சொல்லட்டும் பாப்பம்.

உண்மையாத்தான், மலரக்கா எண்டால் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிவயோகமலர் எண்ட முழுப்பேரை இண்டைக்கு உள்ளுக்குக் கூப்பிடுவினம், ஆனா அந்தப் பேரில அவவை ஆருக்குத் தெரியும்? கொழும்பில இருக்கிற ஒரு கருத்துக்கணிப்புக் கொம்பனிக்காக இருபத்திரண்டு வருசம் வீடு வீடா ஏறி இறங்கின மனுசி. முதல் கடுதாசிப் படிவம், பேந்து விரலால தட்டுற டப் கொம்பியூட்டர். நாய் கடிச்சது இரண்டு தரம், சேலைத் தலைப்பு முள்ளுக்கம்பியில கிழிஞ்சது எத்தினை தரம் எண்டு கணக்கில்லை. சவர்க்காரத்துக்கும் கேள்வி கேட்டிருக்கிறா, பால்மாவுக்கும் கேட்டிருக்கிறா, ஆனா எலெக்சன் கேள்வி கையில வந்தால்தான் மலரக்காவுக்கு நடையே மாறும். கொம்பனி எழுதி அனுப்புற கேள்வி இருக்கே, ‘நாளை தேர்தல் நடந்தால் நீங்கள் யாருக்கு வாக்களிப்பீர்கள்?’ கண்டறியாத கேள்வி. இந்தச் சனம் அதுக்குப் பதில் சொல்லுமே? முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி படலையில வந்து நிண்டு கேக்கிறாள், சொன்னது எந்தக் கந்தோரில எந்த மேசையில போய் விழுமோ ஆர் கண்டது. ‘இன்னும் யோசிக்கேல்லைப் பிள்ளை.’ ‘எல்லாரும் நல்லவைதானே.’ ‘இவர் வந்தாத்தான் கேக்க வேணும்.’ உந்த மூண்டு பதிலும்தான். வேலைக்குச் சேந்து இரண்டாம் வருசம், பளைப்பக்கம் ஒரு வீட்டில, மிளகாய் இடிச்சுக்கொண்டிருந்த மனுசி எல்லாரும் நல்லவைதானே எண்டு சொல்லிப்போட்டு, உலக்கையை நிப்பாட்டாமலே, ‘ஆனா உங்க பக்கத்து வீட்டில கேட்டுப்பாருங்கோ, அவை உந்தாளுக்குத்தான் போடுவினம்’ எண்டா. பக்கத்து வீட்டுக்குப் போனால், அவையும் எல்லாரும் நல்லவையெண்டு சொல்லிப்போட்டு, மிளகாய் இடிக்கிறவையைக் காட்டி, ‘அவைதான் உந்தாளுக்குப் போடுவினம்’ எண்டினம். ஒழுங்கை ஒழுங்கையா நடந்து கேட்டால் ஒருத்தரும் தாங்கள் போடுறதாச் சொல்லாத அந்த ஆளுக்கு, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் போடுகினம். மலரக்கா படிவத்தின்ர ஓரத்தில பென்சிலால கோடு போட்டா. கடைசியில அந்தாள்தான் வெண்டான். அண்டைக்குத் தொடங்கினது. தன்ரை வாயால தன்னைப் பற்றி உண்மை சொல்லாத சனம், பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு நாளும் பொய் சொல்லாது. இதை எந்தக் கம்பஸில படிப்பிச்சவங்கள்? மலரக்கா தானா நடந்து தானாக் கண்டுபிடிச்சது.

கண்டுபிடிச்சதோட விட்டாவே? குருநாகலில குசும், மொனராகலையில ஒருத்தி, மட்டக்களப்பில ஒருத்தி எண்டு ஊரெல்லாம் இருக்கிற கணக்கெடுக்கிற பெம்பிளையளுக்கும் போனில சொல்லிக் குடுத்தா. கொம்பனிக் கேள்வியைக் கேட்டு முடிச்சிட்டு, எழும்பிப் போற மாதிரிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, சும்மா கதையோட கதையா பக்கத்து வீட்டுக் கேள்வியைக் கேக்க வேணும், அதுவும் படலையடியில நிண்டு. எல்லாரும் அனுப்புறதைச் சேத்து ஒரு சீ.ஆர். கொப்பியில எழுதி, கூட்டிப் பிரிச்சு, தசம் வரைக்கும் கொண்டுவருவா. ஐம்பத்தொண்டு வீதம் எண்டு சொல்லுறவனை மலரக்காவுக்குப் பிடிக்காது. ஐம்பத்தொண்டு தசம் நாலு எண்டு சொல்லவேணும், அப்பதான் சொன்னவனுக்கு முதுகெலும்பு இருக்கெண்டு தெரியும். மூண்டாம் எலெக்சனில டிவிக்காரர் எல்லாரும் ஒரு ஆளெண்டு குத்தி முறியேக்க, கொழும்புக் கொம்பனியும் அதைத்தான் அறிக்கையா அடிச்சு வெளியிடேக்க, மலரக்கா மட்டும் இல்லை மற்றாள் எண்டு சொன்னா. றிசல்ட் வந்தண்டு காலமை ரத்தினக்கா வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, ‘எடியே மலர், நீ மனுசியில்லையடி’ எண்டு கத்தினதை நினைச்சால் இப்பவும் உள்ளங்கால் குளிருது. மலரக்கா ஒண்டும் நடக்காத மாதிரிக் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்போட்டுத் தனியச் சிரிச்சா. அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம். கொம்பனிப் பொடியன், கண்ணாடி போட்ட மனேஜர், போன் எடுத்து ‘எப்பிடி அன்ரி உங்களுக்குத் தெரிஞ்சது’ எண்டு கேட்டான். ‘கேக்க வேண்டியதைக் கேட்டனான் தம்பி’ எண்டு மட்டும் சொல்லி வைச்சிட்டா. விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. தேவையெண்டால் வந்து கேக்கட்டும், படலை திறந்துதானே கிடக்கு. ரத்தினக்காவின்ர பின்னங்கழுத்தில வேர்வை ஒண்டு இறங்கி சட்டைக்குள்ள போனது. மனுசி அதைத் துடைக்கக்கூட இல்லை. அசையாமல் நிக்கிறா. என்னத்தைத்தான் யோசிக்கிறா இவ?

வரிசை நாலடி நகந்தது. எல்லாரும் நாலடி நகந்தினம். இந்தப் பழக்கம் எப்ப தொடங்கினதெண்டு மலரக்காவுக்குச் சரியா ஞாபகம் இல்லை, ஆனா எலெக்சனுக்கு ஒரு கிழமை இருக்கேக்க ஒரு பின்னேரம் ரத்தினக்கா வீட்டுப் படலையடியில ஒழுங்கைப் பெம்பிளையள் கூடுவினம். கூப்பிடுறேல்லை, தானாக் கூடும். ‘அப்ப மலர், இந்தமுறை ஆர்?’ எண்டு ரத்தினக்கா கேப்பா, மலரக்கா பேரையும் தசத்தையும் சொல்லுவா, எல்லாரும் ஒரு பெருமூச்சோட வீட்டை போவினம். முப்பத்தெட்டு வீடு. சும்மா அறியிற ஆசையில கேக்கினம் எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தா. பேந்துதான் ஒரு நாள் விளங்கினது, இவை கேக்கிறது அறியிறதுக்கு இல்லை, போடுறதுக்கு. மலர் சொன்ன ஆளுக்கு முப்பத்தெட்டு வீடும் போடும். ஏனெண்டால் வெல்லுறவனுக்குப் போட்டிட்டு இருந்தால், பிறகு ஒருத்தனும் வந்து ‘நீங்கள் எங்களுக்குப் போடேல்லையாமே’ எண்டு கேக்கேலாது. வோட்டு இரகசியம்தான். பள்ளிக்கூடத்துச் சுவரில அப்பிடித்தான் ஒட்டியிருக்கு. ஆனா எத்தினை இரகசியத்தை இந்தச் சனம் கண்டிருக்கு, எந்த இரகசியம் இரகசியமா இருந்தது? அதனால வெல்லுறவனோட நிண்டுவிடுறது. மலரக்கா மட்டும் என்ன திறமே? அவவும் தான் சொன்ன ஆளுக்குத்தான் போட்டவ, நாலு தரமும். சோதினையில சரியான விடைக்குக் கோடு போடுற மாதிரி ஒரு திருப்தி. விருப்பமோ விருப்பமில்லையோ எண்டு யோசிச்சதே இல்லை. விருப்பம் எண்டது பிழைக்கும், கணக்குப் பிழைக்காது. இப்பிடித்தான் இருந்தது. இப்பிடியே இருந்திருந்தால் இண்டைக்கு இந்த முதுகைப் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை.

இந்தமுறை கணக்கு எவ்வளவு லேசு! இவ்வளவு லேசான எலெக்சனை மலரக்கா கண்டதில்லை. ஏணிச் சின்னக்காரன் ஐம்பத்துமூண்டு தசம் ஒண்டு. குசும் அனுப்பினதும் ஏணி, மொனராகலையும் ஏணி, மட்டக்களப்பும் ஏணி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஏணியில ஏறிப்போட்டினம். இரண்டாவது ஆள் கிட்டவும் வரமாட்டான். பிறகு ஒரு கூட்டம் சில்லறையள், அதுக்குள்ள ஒண்டு தையல் மெசின் சின்னம். மூண்டு தசம் இரண்டு. பியசீலி எண்டு பேர், தெற்குப் பக்கத்து மனுசி, ஓய்வெடுத்த தாதி. வடக்கில பதினாலு வருசம் ஆசுபத்திரி வாட்டுகளில வேலை செய்தவவாம். அந்த மனுசி ஒரு ஓட்டோவில, ஒலிபெருக்கியும் இல்லாமல், இரண்டே இரண்டு ஆக்களோட ஒழுங்கைக்குள்ள வந்தா. ஆரோ சொல்லியிருக்கினம், இஞ்ச ஒரு மனுசி இருக்கிறா, அவ சொன்னால் சரியெண்டு. நேர மலரக்காவின்ர படலைக்கு வந்து நிண்டா. வெள்ளைச் சேலை, காலில றப்பர் செருப்பு, அறுபத்தைஞ்சு வயசிருக்கும். ‘அம்மா, நீங்கதானே சரியாச் சொல்ற ஆள்? நான் வெல்லுறதா?’ அரைகுறைத் தமிழ்தான், ஆனா கேட்ட விதத்தில கூச்சமும் இல்லை, நடிப்பும் இல்லை. மலரக்கா தொழில்காரியல்லோ, முகத்துக்கு நேர சொன்னா: ‘இல்லை அம்மா.’ ‘எவ்வளவு?’ ‘மூண்டு தசம் இரண்டு.’ அந்த மனுசி கூட வந்தவனைத் திரும்பிப் பாத்து, ‘மூணு! நீ ரெண்டு சொன்னது!’ எண்டு சொல்லி, படலையில கையை வைச்சுக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. ஒரு வீதம் கூடினதுக்கு இவ்வளவு சந்தோசப்படுற வேட்பாளரை மலரக்கா அதுக்கு முதல் கண்டதில்லை. சிரிச்சு முடிஞ்சதும் கேட்டா, ‘அந்த மூணுக்குள்ள உங்கட ஒண்டு இருக்கா?’

அவ்வளவுதான் கேட்டது. சும்மா, முசுப்பாத்தியாத்தான் கேட்டிருப்பா. இருபத்திரண்டு வருசத்தில மலரக்கா எத்தினை ஆயிரம் பேரை இந்தக் கேள்வியில நிப்பாட்டி வைச்சிருக்கிறா, தான் நிண்டதில்லை. இன்னும் யோசிக்கேல்லை எண்டு சொல்ல வாயெடுத்தா, எல்லாரும் நல்லவைதானே எண்டது தொண்டைவரைக்கும் வந்தது, இவர் வந்தாத்தான் எண்டு சொல்ல அவரும் இல்லை, அவர் கண்ணை மூடி ஒன்பது வருசம். கடைசியில, ‘தேத்தண்ணி குடிக்கிறியளோ’ எண்டு கேட்டா. குடிச்சா. சீனி வேண்டாமெண்டா, சலரோகமாம். கோப்பையைத் தானே கழுவிக் கவிட்டு வைச்சிட்டு, மலரக்காவின்ர கையைப் பிடிச்சுப் பாத்து, ‘பிரசர் இருக்கும் போல, செக் பண்ணுங்க’ எண்டு சொல்லிப்போட்டு ஓட்டோவில ஏறிப் போனா. வோட்டுக் கேக்கவேயில்லை. ஏன் கேக்கேல்லை? மறந்திட்டாவோ? ஜனாதிபதியா வரப்போற ஆள் வோட்டுக் கேக்க மறக்கிறதே? அதுதான் மூண்டு வீதம். இப்பிடியெல்லாம் சொல்லித் தன்னைத்தானே பகிடி பண்ணிப் பாத்தா மலரக்கா, ஆனா அந்தக் கேள்வி போகேல்லை. கறி தாளிக்கேக்கயும் நிண்டது, உடுப்புக் காயப்போடேக்கயும் நிண்டது. என்ரை ஒண்டு எதுக்குள்ள இருக்கு? ஐம்பத்துமூண்டுக்குள்ள இருக்கு. அங்க அதை ஆர் கேட்டது? மூண்டு நாள் கழிச்சுப் படலையடியில பெம்பிளையள் கூடிச்சினம், ரத்தினக்கா வழமைபோலக் கேட்டா, ‘அப்ப மலர், இந்தமுறை ஆர்?’ மலரக்கா ஏணியெண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தா, ஐயனாராணை. வாயில இருந்து வந்தது, ‘மெசின்.’ ‘என்னது, தையல் மெசினோ?’ ‘ஓம்.’ ‘வெல்லுமோ?’ ‘வெல்லும்.’ தசம் சொல்லேல்லை எண்டது வீட்டை வந்து கை கழுவேக்கதான் நினைவுக்கு வந்தது. இருபது வருசத்தில முதல் தரம் தசம் இல்லாமல் சொல்லியிருக்கிறா. பொய்க்கு எங்க இருந்து தசம் வாறது?

வரிசை திரும்பவும் நகந்தது. ரத்தினக்காவின்ர கொண்டை ஊசி வெயிலில மினுங்குது, மனுசி இன்னும் திரும்பேல்லை. நாளைக்கு இந்நேரம் றிசல்ட் வந்திடும். மெசினுக்கு மூண்டு. மலரக்கா சொன்ன ஆளுக்கு மூண்டு! ஒழுங்கை முழுக்கக் கொடுப்புக்குள்ள சிரிக்கும். சங்கக்கடையில நிண்டு கதைப்பினம், ‘உவ சொன்னது ஒருக்காப் பிழைச்சிட்டுதாம், ஒருக்காவெண்டாலும் என்ன பிழை!’ நாலு எலெக்சனில கட்டின பேர். டிவிக்காரர் தோத்த இடத்தில நிமிந்து நிண்ட பேர். சிரிச்சால்கூடப் பரவாயில்லை, அதைத் தாங்கலாம். முப்பத்தெட்டு வீட்டையும் பேய்க்காட்டியாச்சே. வெல்லுறவனோட நிக்கிறம் எண்ட நிம்மதியிலதானே அவை என்னட்டக் கேட்டவை, நான் அவையைத் தோக்கிற பக்கம் தள்ளி விட்டிட்டனே. தெரிஞ்சுகொண்டு செய்தன். போய்ச் சொல்லியிருக்கலாம், ஏழு நாள் இருந்தது, ‘ஐயோ பிழைச்சுப்போச்சு, ஏணியாம்’ எண்டு வேலியில நிண்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் காணும். ஏன் போடேல்லை? வெக்கமோ? இல்லை. அங்கதான் சிக்கல். ஏழு நாளும் பயந்தது உண்மை, ஆனா அந்தப் பயத்துக்கு அடியில வேற ஒண்டும் கிடந்தது. மெசின் எண்டு சொன்ன அந்தக் கணம், நாக்கில அந்தச் சொல்லு இருந்த இருப்பு. பாரமா, தன்ரை வீட்டுச் சோறு மாதிரி. நாலு எலெக்சனில எத்தினை தசம் சொல்லியிருக்கிறா, ஒண்டும் அப்பிடி இருந்ததில்லை. அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க மனமில்லை. மனமில்லாததாலதான் எடுக்கேல்லை. அதைப் போய் ஆருக்கு விளங்கப்படுத்துறது?

ரத்தினக்கா உள்ளுக்குப் போயிட்டா. பிள்ளைக்காரியும் போயிட்டாள். பிறகு வாசலில நிண்டவன் மலரக்காவுக்குக் கையைக் காட்டினான். மேசையில இருந்த உத்தியோகத்தர் ‘நானூற்றிப் பதினேழு, கனகசிங்கம் சிவயோகமலர்’ எண்டு உரத்து வாசிக்க, முகவர் மேசையில குனிஞ்சிருந்தவை கோடு இழுத்தினம். ஓம், நான்தான், நல்லா இழுங்கோ. இடது கைச் சின்னவிரலில மையைப் பூசினாள் ஒரு பெட்டை. வாக்குச்சீட்டு ஒரு முழத்துக்கு மேல நீளம், அத்தினை பேருக்கு ஜனாதிபதி ஆசை. மட்டைத் தடுப்புக்குப் பின்னால போய்ச் சீட்டை விரிச்சுப் பிடிக்க, கண் தானா ஏணியில போய் நிண்டது. பழக்கம். சரியான விடை அங்க இருக்கு, பேனையும் அங்க போகப் பாக்குது. மலரக்கா பேனையை இழுத்துப் பிடிச்சா. கீழ வந்தா, இன்னும் கீழ, பூட்டு, விசிறி, தராசு எல்லாத்தையும் தாண்டி, மெசின். தோக்கும். நிச்சயம் தோக்கும், அதுவும் எவ்வளவால எண்டு இந்த நாட்டில என்னை விட ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. மெசினுக்குப் பக்கத்துக் கட்டத்துக்குள்ள, முதல் விருப்பு எண்டதுக்கு, ஒண்டு எண்டு எழுதினா, வடிவா, தலையில சின்ன வளைவு வைச்சு. மூண்டு தசம் இரண்டுக்குள்ள இனி என்ரை ஒண்டு இருக்கு. அந்தத் தசத்தை எழுதின கையே அதுக்குள்ள போய் இருக்கிறதெண்டால் சும்மாவே? சீட்டை மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டிட்டு வெளியில வரேக்க, மலரக்காவின்ர நடையை அந்த முகவர்மார் நிமிந்து பாத்தவை. பாக்கட்டும். பயம் போகேல்லை, ஆனா நெஞ்சு நிமிந்துதான் கிடந்தது.

பள்ளிக்கூட மதிலைத் தாண்டி, வீதி திரும்புற இடத்து வேப்பமரத்தடியில ரத்தினக்கா நிண்டா. காத்துக்கொண்டுதான் நிண்டா, சந்தேகமில்லை. மலரக்காவின்ர நடை வேகம் குறைஞ்சது. வரட்டும், என்ன வந்தாலும் நேர நிண்டு வாங்குவம்.

‘என்ன அக்கா, கண்டும் காணாத மாதிரி நிண்டனீங்கள்?’

‘திரும்பினால் சிரிச்சுப்போடுவன் எண்டுதான் திரும்பேல்லை. வரிசையில நிண்டு சிரிச்சால் அந்தப் பொலிஸ்காரன் என்ன நினைப்பான்?’

‘என்னத்துக்குச் சிரிப்பு?’

‘நீ எங்களைப் பேய்க்காட்டினதை நினைக்கத்தான்.’

மலரக்காவுக்குக் காது இரண்டும் சுட்டது. ‘தெரியுமோ?’

‘எடியே, மெசின் வெல்லாதெண்டு எங்கட வீட்டுக் கோழிக்கும் தெரியும். அண்டைக்கு நீ தசமும் சொல்லேல்லை, முகத்தையும் நேர பாக்கேல்லை. வேலியைப் பாத்துச் சொன்னனி. நாங்கள் என்ன, கண் தெரியாத சனமே?’

‘அப்ப ஏன் அக்கா அப்பவே கேக்கேல்லை?’

‘நீ போன பிறகு படலையடியில நிண்டு கதைச்சனாங்கள். உனக்குப் பொய் சொல்ல வராது. வராதவள் சொல்லுறாள் எண்டால் அவளுக்கு அது எவ்வளவு வேணும்போல கிடந்திருக்கும். இருபது வருசமா எங்களுக்கு ஆர் வெல்லுவினம் எண்டு சொன்னனி. ஆர் வெல்லவேணும் எண்டு இப்பதானே முதல் தரம் சொல்லியிருக்கிறாய்.’ ரத்தினக்கா சேலைத் தலைப்பால கழுத்தைத் துடைச்சா. ‘சரி எண்டு போட்டிட்டம்.’

‘எத்தினை வீடு?’

‘எல்லாம்தான். காலமை தொடக்கம், நான் இஞ்ச வர முதல், போட்டிட்டு வாற ஒவ்வொருத்தியும் என்ரை படலையடியில நிண்டு காதுக்குள்ள சொல்லிப்போட்டுப் போறாளவை. நான் கேக்கவும் இல்லை. தான் போட்டதைத் தானே வந்து சொல்லுறாளவை, நீ கண்டிருக்கிறியே உப்பிடி ஒண்டை?’

மலரக்கா கண்டதில்லை. இருபத்திரண்டு வருசத்தில, எந்த ஊரிலயும், எந்தப் படலையிலயும் கண்டதில்லை. அழுகை வந்தது, அழுகைக்கு மேலால ஒரு புளுகம் வந்தது, டிவிக்காரர் தோத்த அண்டைக்கு வந்த புளுகம் இதுக்குக் கிட்டவும் நிக்காது. அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டுச் சிரிச்சா. இண்டைக்குச் சாத்துறதுக்குக் கதவும் இல்லை, நடுவீதி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ‘நாளைக்கு என்ரை பேர் நாறப்போகுது அக்கா’ எண்டா.

‘நாறட்டும். கழுவுவம்.’

அப்பதான் எதிர்ப்பக்கத்தால கோயிலடி ஒழுங்கைப் பெம்பிளையள் நாலு பேர் குடையும் அட்டையுமா வந்தினம், வோட்டுப் போடப் போகினம். அதில தவமணி எண்டவள், மலரக்காவோட பள்ளிக்கூடத்தில படிச்சவள், தூரத்தில கண்டதுமே குரல் குடுத்தாள். ‘ஏ மலர், இந்தமுறை ஆர்? உன்னட்டக் கேட்டிட்டுப் போடுவம் எண்டுதான் ஆறுதலாப் பிந்தி வாறம்.’

ரத்தினக்கா மலரக்காவின்ர முழங்கையைப் பிடிச்சா. மலரக்காவுக்கு ஒரு கணம் எல்லாம் வெளிச்சமாத் தெரிஞ்சது. ஏணியெண்டு மட்டும் சொன்னால் காணும், நாளைக்கு இந்த நாலு பேரும் சாட்சி, பேர் தப்பிடும். மெசின் வெல்லும் எண்டு இன்னொருக்காச் சொன்னால், இன்னொரு நாலு வீடு. இரண்டுக்கும் மனம் போகேல்லை.

‘வெல்லப்போறது ஏணி’ எண்டா. ‘ஐம்பத்துமூண்டு தசம் ஒண்டு. நான் போட்டது மெசினுக்கு.’

‘மெல்லக் கதையடி, பொலிஸ் நிக்குது’ எண்டா ரத்தினக்கா.

‘நிக்கட்டும். நான் ஒருத்தரையும் போடச் சொல்லேல்லை. நான் போட்டதைச் சொல்லுறன்.’

நாலு பேரும் ஆளை ஆள் பாத்தினம். குடைக்குக் கீழ நிண்ட தவமணி முகத்தைச் சுருக்கிக்கொண்டு, மெய்யாவே விளங்காமல், கேட்டாள்: ‘தோக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டோ? ஏன் மலர்?’

மலரக்கா தலைப்பை இழுத்து இடுப்பில செருகினா. அவை வந்த பக்கம் பாத்தா, பள்ளிக்கூடப் பக்கம் பாத்தா, கேற்றுக்கு இன்னும் நூறடி இருக்கு.

‘வாங்கோ, கேற்றடி மட்டும் வாறன்’ எண்டு சொல்லி, அவையோட சேந்து திரும்பி நடந்துகொண்டு, சொல்லத் தொடங்கினா.